பந்தலில் கடை விரிக்காதீர்கள்: ஆலோசனை நிறுவனங்கள் ஊர் நிகழ்ச்சிகளில் செய்யும் தவறுகள்

பினாங்கில் சின்னதாக ஓர் ஆலோசனை நிறுவனம் நடத்துகிறவருக்கு வாடிக்கையாளரைத் தேடி அலையும் வேலை அவ்வளவாக இல்லை. லெபோ பசாரில் தொடங்கி குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் வரை ஒரு நடை நடந்தால் ஜவுளி, நகை, மளிகை, பூ, நாணய மாற்று என்று எத்தனையோ முதலாளிகள் கண்ணில் படுவார்கள். ஆனால் தெரு சின்னது. இந்த முனையில் நீங்கள் சொன்ன ஒரு வார்த்தை, தே தாரிக் ஆறுவதற்குள் அந்த முனைக்குப் போய்விடும். கம்பெனி பதிவு, கணக்கு, கடன் விண்ணப்பம் என்று இந்தத் தொழிலில் 16 வருடங்கள் ஓடிவிட்டன. கீழே வரும் தவறுகளில் பாதி நான் செய்தவை. மீதி, பக்கத்தில் நின்று பார்த்தவை.

நான் முன்பு வேலை பார்த்த நிறுவனம் ஒரு வருடம் தைப்பூசத்துக்கு, தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் இருந்த ஒரு தண்ணீர்ப் பந்தலுக்கு உபயம் கொடுத்தது. நல்ல காரியம்தான். ஆனால் பேனர் 20 அடி. முருகன் படம் ஓரத்தில் தபால்தலை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. நடுவில் எங்கள் சேவைப் பட்டியல்: கம்பெனி பதிவு, வருமான வரி, சம்பளக் கணக்கு. பால்குடம் எடுத்த பேத்தியோடு நடந்து வந்த ஒரு பாட்டி, என் கையிலிருந்து மோர் தம்ளரை வாங்கினார். பேனரை நிமிர்ந்து பார்த்தார். குடிக்கவில்லை. "இது எவ்வளவு தம்பி?" என்று கேட்டார். "காசு வேணாம் பாட்டி, சும்மாதான்" என்றேன். "கடைன்னு நெனச்சிட்டேன்பா" என்றார். அன்று முழுக்க அந்தப் பேனருக்குக் கீழே நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

பேனரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உபயதாரர் வரிசையில் ஒரு வரி போதும். அதற்குமேல் ஏதாவது செய்ய ஆசை இருந்தால், ஏற்பாட்டுக்குழுவிடம் "உங்களுக்கு என்ன குறை?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பணக்குறையைவிடக் கணக்குக் குறைதான் பெரிதாக இருக்கும். ரசீதுப் புத்தகம் மூன்று பேர் கையில் இருக்கும், மாநகர் மன்ற அனுமதிக் கடிதம் யாருடைய காரிலோ கிடக்கும். கோயில் நிர்வாகமும் சங்கங்களும் 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி, ஆண்டுக் கூட்டம் முடிந்து 60 நாட்களுக்குள் தங்கள் ஆண்டறிக்கையைச் சங்கங்களின் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டும். இதைத் தவறவிட்டுப் பதிவை இழக்கும் நிலைக்கு வந்த சங்கங்கள் உண்டு. பொருளாளரோடு இரண்டு மாலை உட்கார்ந்து அதை முடித்துக் கொடுத்துப் பாருங்கள். 20 அடி பேனர் தராத பெயரை அது தரும். அந்தக் குழுவில் இருக்கிற பத்துப் பேரில் நான்கு பேராவது ஏதோ ஒரு தொழில் செய்கிறவர்களாகத்தான் இருப்பார்கள்.

அடுத்தது இலவச விளக்கக் கூட்டம். கடந்த இரண்டு மூன்று வருடங்களாக எங்கு பார்த்தாலும் இ-இன்வாய்ஸ்தான், அதாவது விற்பனை ரசீதை மின்னணு முறையில் வருமான வரி வாரியத்துக்கு அனுப்புவது. 2024 ஆகஸ்ட் 1ஆம் தேதி, ஆண்டு வருமானம் 10 கோடி ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்களுக்கு இது கட்டாயமானது. பிறகு படிப்படியாகக் கீழே இறங்கியது. சிறு வியாபாரிகளுக்கான விலக்கு வரம்பு முதலில் 150,000 ரிங்கிட். 2025இல் அது 500,000 ஆனது, அந்த வருடம் முடிவதற்குள் 10 லட்சமாகவும் உயர்ந்தது. அப்படியென்றால் தெருவோரப் பூக்கடைக்காரருக்கும் சின்ன மளிகைக் கடைக்காரருக்கும் கூட்டத்தில் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம் என்ன? "உங்க வருஷ விற்பனை 10 லட்சத்துக்குக் கீழே இருந்தா பெரும்பாலும் பயப்பட வேண்டாம், ஆனா கணக்கை மட்டும் ஒழுங்கா எழுதி வையுங்க." இதைச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது.

இதைச் சொல்லாமல் அபராதத் தொகையைப் பெரிய எழுத்தில் திரையில் போட்டு, கடைசியில் மென்பொருள் விலைப்பட்டியலை நீட்டுகிற கூட்டங்களை நான் பார்த்திருக்கிறேன். திரையில் முழுக்க ஆங்கிலம், நடுநடுவே மலாய்ப் படிவங்கள், கேட்பவர்களோ வீட்டிலும் கடையிலும் தமிழ் மட்டும் பேசுகிறவர்கள். பயந்து வாங்குகிற வாடிக்கையாளர் ஆறு மாதத்தில் உண்மையைத் தெரிந்துகொள்வார், யாரிடம் தெரிந்துகொண்டார் என்பதையும் மறக்க மாட்டார். கடன் விஷயத்திலும் இதே கதைதான். சிறு வியாபாரிகளுக்குக் கடன் தரும் அரசு அமைப்பான டெக்குனின் ஸ்பூமி திட்டம் இந்திய வியாபாரிகளுக்கென்றே இருப்பது, நேரடியாகவே விண்ணப்பிக்கலாம். தாள்களைச் சரிசெய்து கொடுப்பதற்குக் கட்டணம் வாங்குங்கள், அது உழைப்பு. "நம்மகிட்ட வந்தா கண்டிப்பா பாஸ்" என்று மேடையில் சொல்லாதீர்கள். பாஸ் பண்ணுவது நீங்கள் இல்லை.

தேதி குறிப்பதில் சறுக்குகிறவர்கள் அதிகம். வியாபாரிகள் சந்திப்பு என்று சொல்லிவிட்டு மாலை 7 மணிக்குத் தீவில் வைப்பார்கள். அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த், பிறையிலிருந்து வருகிறவர் அந்த நேரத்தில் பாலத்தில் நின்றுகொண்டிருப்பார், ஜார்ஜ்டவுன் கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்திருக்கவே முடியாது. ரமலான் மாதத்தில் ஏழரை மணி வாக்கில் நோன்பு துறப்பு. தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் இல்லாமல் இந்த ஊரில் வியாபாரச் சந்திப்பா? வெள்ளி நண்பகலும் ஆகாது. புரட்டாசியில் விருந்து வைத்தால் பாதிப் பேர் சைவம் என்பதை அழைப்பிதழ் அச்சடிக்கும்போதே நினைவில் வையுங்கள். மற்ற மாதங்களில் ஹலால் சான்றிதழ் உள்ள சமையல், சைவத்துக்குத் தனி மேசை, தனிக் கரண்டி. என் அனுபவத்தில் ஞாயிறு காலை 8 மணி, இட்லியும் காப்பியும், 10 மணிக்கெல்லாம் எழுந்துவிடுவது, இதற்கு வந்த கூட்டம் வேறெதற்கும் வந்ததில்லை.

(ஒய்பி, அதாவது தொகுதியின் மக்கள் பிரதிநிதி, வருகிறார் என்றால் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் எடுபடாது. ஒருமுறை அவர் வரும்வரை காத்திருந்து, மாலை, பொன்னாடை, உரை எல்லாம் முடிந்தபோது வியாபாரிகள் ஒருவரோடு ஒருவர் பேசக் கிடைத்தது பதினைந்து நிமிடம். அதிலும் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இப்போதெல்லாம் முதலில் பேசவிட்டு, பிறகுதான் மேடை.)

இனி, வாயால் வருகிற தவறு. இதைத்தான் நான் எல்லாவற்றையும்விடக் கெட்டது என்பேன். கணக்கு பார்க்கிறவரிடம் ஊர் முதலாளிகளின் பாதி ரகசியம் இருக்கிறது. விருந்து மேசையில் யாரோ "அந்த நகைக்கடை எப்படிப் போகுது?" என்று சாதாரணமாகக் கேட்பார். "அவர் ஃபைல் நம்மகிட்டதான் இருக்கு" என்று பெருமைக்குச் சொன்னால் போச்சு. எண் எதுவும் சொல்ல வேண்டாம், ஒரு சிரிப்பு, ஒரு "ம்ம்ம்" போதும், கடை நொடிந்துவிட்டது என்று செய்தி பரவ. கேட்டவர் மனதில் ஓடுவதோ வேறு: நாளைக்கு என் கணக்கையும் இவன் இப்படித்தான் பேசுவான். இந்த மாதிரி மேசைகளில் நான் வாடிக்கையாளர் யார் என்றே சொல்வதில்லை. அவரே வந்து தோளில் கை போட்டு "என் கணக்குப்பிள்ளை" என்று அறிமுகப்படுத்தினால் சரி.

அறிமுகம் என்றதும் ஞாபகம் வருகிறது. "இவர் நல்லவர், அவரும் நல்லவர், பேசிக்குங்க" என்று இரண்டு பேரை எதிரெதிரே நிறுத்திவிட்டு நகர்ந்துவிடுகிற பழக்கம் நம்மிடம் நிறைய. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் கொள்முதல் பார்க்கிறவர், 300 சீருடை தைக்க ஆள் தேடுகிறார். பட்டர்வொர்த்தில் ஓர் அக்கா நான்கு தையல் இயந்திரம் வைத்திருக்கிறார், வாரத்துக்கு 40 உருப்படி தைக்க முடியும். இந்த இரண்டு எண்ணும் தெரியாமல் அறிமுகம் செய்தால் இருவருக்கும் சங்கடம். முன்பே தெரிந்தால், "அக்கா, முதல் மாசம் 150 மட்டும் எடுத்துக்கிறீங்களா?" என்று அவரிடம் கேட்டுவிட்டு, தொழிற்சாலைக்காரரிடமும் இரண்டு தவணையாக வாங்கிக்கொள்ள முடியுமா என்று பேசிவிட்டு, அப்புறம் மேசைக்கு அழைத்துப் போகலாம். ஆலோசனை நிறுவனம் ஒரு சமூக நிகழ்ச்சியில் செய்யக்கூடிய உருப்படியான வேலை இதுதான் என்பது என் கருத்து.

இதில் கமிஷன் வாங்கலாமா? வாங்கலாம், இரு தரப்புக்கும் தெரிந்திருந்தால். தெரியாமல் இரண்டு பக்கமும் வாங்கி மாட்டிக்கொண்டவர்களை மறுபடி யாரும் எந்த மேசைக்கும் அழைப்பதில்லை.

அதிர்ஷ்டக் குலுக்கலுக்கு என்று கண்ணாடிக் கிண்ணத்தில் நேம் கார்டு சேகரித்து, அன்றிரவே அத்தனை எண்களையும் வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் வழக்கமாகிவிட்டது. 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, எதற்கு வாங்குகிறோம் என்று சொல்லித்தான் தகவல் வாங்க வேண்டும். விளம்பரம் வேண்டாம் என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால் நிறுத்தியாக வேண்டும். கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு தாள் வைத்து, விருப்பமுள்ளவர் மட்டும் டிக் செய்யட்டும்.

நன்கொடையைப் பற்றி ஒரு வார்த்தை. "கொடுங்க அண்ணே, வரியில கழிச்சுக்கலாம்" என்று வசூலுக்கு உதவுவதாக நினைத்துச் சொல்லிவிடாதீர்கள், அதுவும் நீங்கள் வரி ஆலோசகராக இருந்துகொண்டு. வருமான வரி வாரியம் அங்கீகரித்த அமைப்புக்குக் கொடுத்த பணத்துக்குத்தான் அந்தக் கழிவு. நிறுவனங்களுக்கு அதிலும் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு என்ற வரம்பு இருக்கிறது. பந்தலுக்குக் கொடுத்த ரசீதை அடுத்த வருடம் உங்கள் மேசையிலேயே வந்து வைப்பார்கள்.

கடைசியாக, நிகழ்ச்சிக்குப் பிறகு. பேசியவர்கள் எல்லாருக்கும் ஒரே வாழ்த்துச் செய்தியை அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்று இருக்காதீர்கள். இரண்டு பேரை மட்டும் தேர்ந்தெடுத்துக் கூப்பிடுங்கள், அவர்கள் கேட்ட கேள்விக்குப் பதிலோடு. பூக்கடைக்காரர் என்றால் காலையில் வேண்டாம், கை ஈரமாக இருக்கும், போனை எடுக்க மாட்டார். மதியம் 3 மணிக்குக் கூப்பிடுங்கள்.