15 ஆரோகண சங்கீதங்கள்: தனியாகவும் வீட்டுக் கூட்டத்திலும் வாசிக்க ஒரு வழி

ஜனவரி 1ஆம் தேதி வேதாகமத்தின் (பைபிளின்) முதல் புத்தகமான ஆதியாகமத்தில் தொடங்கி, ஒரு நாளைக்கு மூன்று அதிகாரம் என்று வாசித்தால் ஜனவரி 31 அன்று லேவியராகமத்துக்குள் நுழைவோம். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40, கணக்கு சரியாக வரும். நிறைய பேர் நின்றுபோவது அங்கேதான். நின்றுபோனதும் ஒரு குற்ற உணர்வு, வேதத்தைத் திறக்கவே கூச்சம், சரி அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைப்பது. வருஷத்துக்கு ஒரு தடவை முழு வேதத்தையும் முடிக்கிறவர்களை நான் மதிக்கிறேன், அது நல்ல பழக்கம். ஆனால் தியானிப்பது வேறு வேலை. அதற்குக் கொஞ்சமாக எடுக்க வேண்டும், எடுத்த இடத்திலேயே தங்க வேண்டும்.

எங்கே தொடங்குவது என்று கேட்கிறவர்களிடம் நான் சொல்வது வேதாகமத்தின் பாடல் புத்தகமான சங்கீதத்தில் 120 முதல் 134 வரை. இந்த 15 சங்கீதங்களுக்கும் மேலே "ஆரோகண சங்கீதம்" என்று தலைப்பு இருக்கும். ஆரோகணம் என்றால் ஏறிப்போவது. பண்டிகைக்காக எருசலேமுக்கு ஏறிப்போன மக்கள் வழியில் பாடியவை என்று பலர் கருதுகிறார்கள், கத்தோலிக்கர் பயன்படுத்தும் திருவிவிலியத்தில் தலைப்பே திருப்பயணப் பாடல் என்றுதான் இருக்கிறது. எல்லாம் சேர்த்தாலும் 101 வசனம்தான். 132 மட்டும் 18 வசனம், மற்ற எதுவும் ஒன்பதைத் தாண்டாது. 131, 133, 134 மூன்றும் மூன்று மூன்று வசனம். சின்னதாக இருப்பதால் லேசானவை என்று நினைத்துவிடாதீர்கள். 120இல் ஒருவன் சமாதானத்தை வெறுக்கிறவர்களுக்கு நடுவே, சொந்த மக்களை விட்டு எங்கோ தூரத்தில் மாட்டிக்கொண்டு கூப்பிடுகிறான், 134இல் இராத்திரியில் கர்த்தருடைய ஆலயத்தில் நிற்கிறவர்களின் நடுவே வந்து முடிகிறது. நடுவில் வீடு, வேலை, பிள்ளைகள், அவமானம், பாவம், கண்ணீர், சகோதர ஐக்கியம் எல்லாம் வருகிறது.

வாரத்துக்கு ஒரு சங்கீதம். திங்கள் முதல் அதையே தனியாக வாசியுங்கள், வார இறுதியில் கூட்டத்திலும் அதையே எடுங்கள். 15 வாரம் ஆகும். ஒரே சங்கீதத்தை ஆறு நாள் வாசித்தால் சலித்துப்போகாதா என்று கேட்பார்கள். மூன்றாம் நாள் சலிக்கும், உண்மைதான். நான்காம் நாள்தான் அதுவரை கண்ணில் படாத ஒரு வார்த்தை தட்டுப்படும், அதனால் மூன்றாம் நாளில் விட்டுவிடாதீர்கள்.

முக்கியமான ஒன்று, வாய்விட்டு வாசியுங்கள். முதல் சங்கீதத்தில் இரவும் பகலும் வேதத்தில் "தியானமாயிருக்கிற" மனுஷன் என்று வாசிக்கிறோமே, அந்த எபிரெய வார்த்தை வாய்க்குள் முணுமுணுப்பதைக் குறிக்கும். ஏசாயா 31:4இல் இரையைப் பிடித்த சிங்கம் உறுமுவதற்கும், 38:14இல் எசேக்கியா ராஜா புறாவைப்போல் புலம்புவதற்கும் அதே வார்த்தைதான். யோசுவா 1:8ஐப் பாருங்கள், இந்தப் புஸ்தகம் உன் "வாயைவிட்டு" பிரியாதிருப்பதாக என்று இருக்கிறது, கண்ணைவிட்டு என்று இல்லை. அப்போஸ்தலர் 8இல் எத்தியோப்பிய மந்திரி இரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசித்ததை பிலிப்பு ஓடிப்போய்க் காதால் கேட்டதும் அவர் சத்தமாக வாசித்ததால்தான். வீட்டில் மற்றவர்கள் தூங்கினால் மெல்லிய குரல் போதும், உதடு அசைந்தால் போதும். மனதுக்குள் வாசிக்கும்போது தெரிந்த வசனங்களை நாம் தாண்டிக்கொண்டே போவோம். வாயால் வாசித்தால் ஒவ்வொரு வார்த்தைக்கும் நேரம் கொடுத்தே ஆக வேண்டும்.

முதல் நாள் மூன்று தடவை வாசித்துவிட்டு எழுந்துபோய்விடுங்கள், விளக்கவுரை எதையும் திறக்க வேண்டாம். இரண்டாம் நாள் ஒரு நோட்டில் கையால் எழுதுங்கள். எழுதும்போது எந்த வார்த்தை திரும்பத் திரும்ப வருகிறது என்று கை கண்டுபிடித்துவிடும். 121ஐ எழுதிப் பாருங்கள், எட்டே வசனத்தில் "காக்கிறவர்", "காப்பார்" என்று ஆறு தடவை வரும். அதோடு முதல் இரண்டு வசனத்தில் "என் கண்கள்", "எனக்கு ஒத்தாசை" என்று பேசுகிறவர், மூன்றாம் வசனத்திலிருந்து "உன் காலை", "உன்னைக் காக்கிறவர்" என்று மாறிவிடுவதையும் கவனிப்பீர்கள். ஒருவன் பயத்தோடு வழியைப் பார்க்கிறான், இன்னொருவர் அவனுக்குத் தைரியம் சொல்கிறார் என்று எனக்குப் படுகிறது. சின்ன வயதிலிருந்து இந்தச் சங்கீதத்தை மனப்பாடமாகச் சொல்லிவந்தும், எழுதிப் பார்க்கிறவரை இது எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் இன்னொரு மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 121:1ஐப் பழைய மொழிபெயர்ப்பில் "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்" என்று வாசிக்கும்போது மலையிலிருந்தே உதவி வருவதுபோல இருக்கும். திருவிவிலியத்தில் அது ஒரு கேள்வி, மலைகளை நோக்கிப் பார்த்துவிட்டு எங்கிருந்து எனக்கு உதவி வரும் என்று கேட்கிறான். இரண்டாம் வசனம் அதற்குப் பதில், வானத்தையும் பூமியையும் உண்டாக்கின கர்த்தரிடத்திலிருந்து. கேள்வியாக வாசித்தால், மலைப்பாதையில் என்ன வருமோ என்று தெரியாமல் நிற்கிற ஒருவனின் குரல் கேட்கும். பழைய மொழிபெயர்ப்பை விட்டுவிடச் சொல்லவில்லை, அந்த நடையில்தான் நம்மில் பலருக்கு ஜெபமே வரும். ஒத்தாசை, பர்வதம் போன்ற வார்த்தைகள் இன்றைய பிள்ளைகளுக்குப் புரிவதில்லை என்பதும் உண்மை, அவர்களுக்கு எளிய மொழிபெயர்ப்பைக் கொடுங்கள்.

மற்ற நாட்களில் அந்தச் சங்கீதத்தின் வார்த்தைகளையே ஜெபமாக்குங்கள். "ஆழங்களிலிருந்து உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்" என்று 130 தொடங்குகிறது. உங்கள் ஆழம் எது என்று அவரிடம் சொல்லுங்கள், கடனா, மருத்துவ அறிக்கையா, யாரிடமும் சொல்லாத பாவமா. எதுவும் தோன்றாத நாளும் வரும், அன்றைக்கு வாசித்துவிட்டு ஆமென் சொல்லி வேலைக்குப் போங்கள். ஒவ்வொரு நாளும் ஏதாவது "பெற்றுக்கொள்ள" வேண்டும் என்ற அவசரம்தான் நம் வாசிப்பைக் கெடுக்கிறது. அந்த அவசரத்தில்தான் வசனத்தை அது நிற்கிற இடத்திலிருந்து பிய்த்தெடுக்கிறோம். புது வருஷ ஆராதனையில் ஆளுக்கொரு வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோமே, அதில் அடிக்கடி வருகிற எரேமியா 29:11 பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது, அதற்கு முந்தின வசனமே எழுபது வருஷம் ஆகும் என்று சொல்கிறது. அதையும் சேர்த்து வாசித்தால் வாக்குத்தத்தம் சிறுத்துவிடாது, காத்திருக்கிறவர்களுக்கு இன்னும் அதிகமாகத் தாங்கும்.

போனில் வாசிக்கிறவர்கள் முதலில் நெட்டை அணைத்துவிடுங்கள். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

கூட்டத்துக்கு வருவோம். ஆறு முதல் பத்துப் பேர் போதும், ஒரு மணி நேரம் போதும். ஒரு பாமாலையோ கீர்த்தனையோ பாடிவிட்டு, சங்கீதத்தை மூன்று தடவை மூன்று வேறு குரலில் வாசிக்கச் செய்யுங்கள். ஒரு தடவை வயதானவர், ஒரு தடவை சின்னப் பிள்ளை என்று இருந்தால் இன்னும் நல்லது. 121 வாரத்தில் முதல் இரண்டு வசனத்தை ஒருவர் தனியாக வாசிக்கட்டும், மூன்றாம் வசனத்திலிருந்து மற்ற எல்லோரும் அவரைப் பார்த்துச் சொல்லட்டும். அந்த வாரம் ஆஸ்பத்திரிக்கோ வெளியூர் வேலைக்கோ போகிறவர் இருந்தால் அவரையே முதல் குரலாக வையுங்கள். "கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும்" என்று எட்டுப் பேர் தன் முகத்தைப் பார்த்துச் சொன்னதை அவர் மறக்க மாட்டார்.

வாசித்து முடித்ததும் இரண்டு நிமிஷம் அமைதி. முதல் இரண்டு வாரம் இது சங்கடமாக இருக்கும், யாராவது உடனே ஜெபிக்கத் தொடங்குவார்கள், பொறுமையாகச் சொல்லிப் பழக்குங்கள். அப்புறம் "இதற்கு என்ன அர்த்தம்" என்று தொடங்காதீர்கள், அப்படிக் கேட்டால் நன்றாகத் தெரிந்தவர் மட்டும்தான் வாய் திறப்பார். "எந்த வார்த்தையில் நின்றீர்கள்" என்று கேளுங்கள், அதற்கு எல்லோராலும் பதில் சொல்ல முடியும். நன்றாகத் தெரிந்த அந்த ஒருவர் பிரசங்கத்துக்குத் தாவினால், "அண்ணே, அதைக் கடைசியில் கேட்கிறோம், முதலில் அக்கா சொல்லட்டும்" என்று அன்பாக நிறுத்துங்கள். அவரும் தேவைதான். ஒருவன் தெரிவிக்காவிட்டால் எனக்கு எப்படித் தெரியும் என்று அந்த எத்தியோப்பியரே கேட்டார். ஆனால் விளக்கம் எல்லோரும் பேசிய பிறகு வரட்டும்.

வாசிக்கத் தெரியாதவர்கள் கூட்டத்தில் இருப்பார்கள். வரிசையாக ஆளுக்கொரு வசனம் என்று வைத்தால் அவர்கள் அடுத்த வாரத்திலிருந்து வர மாட்டார்கள், காரணமும் சொல்ல மாட்டார்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு பாட்டி பல மாதம் வாசல் பக்கமே உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நாள் 121 வாசிக்க வேண்டியவர் கண்ணாடியை மறந்துவிட்டு வர, பாட்டி உட்கார்ந்த இடத்திலேயே எட்டு வசனத்தையும் ஒரு எழுத்து பிசகாமல் சொல்லி முடித்தார்கள். அன்றிலிருந்து முதல் வாசிப்பு அவர்களுடையது.

127, 128 வரும் வாரங்களில் கவனமாக இருங்கள். "கர்த்தர் வீட்டைக் கட்டாராகில்" என்பதைப் புதுவீட்டு ஜெபத்திலும், "உன் பிள்ளைகள் உன் பந்தியைச் சுற்றிலும் ஒலிவமரக் கன்றுகளைப்போல்" என்பதைக் கல்யாணத்திலும் கேட்டுப் பழகிவிட்டோம். ஆனால் அதே அறையில் பிள்ளைக்காகப் பல வருஷம் காத்திருக்கிற தம்பதி இருக்கலாம், வீட்டுக் கடன் கட்ட முடியாமல் வீட்டை விற்றவர் இருக்கலாம். 128ஐக் கீழ்ப்படிந்தவனுக்குக் கிடைக்கும் சம்பளம்போல விளக்கிவிட்டால் அவர்கள் நொறுங்கிப்போவார்கள். அந்த வாரம் அவர்கள் வீட்டுக்கு முன்னதாகவே ஒருவர் போய், இந்தச் சங்கீதம்தான் வருகிறது என்று சொல்லிவிட்டு வந்தால் நல்லது. இரண்டு வாரம் கழித்து 130 வரும், விடியலுக்குக் காத்திருக்கிற ஜாமக்காரரை, அதாவது இராக் காவலரைவிட அதிகமாய்க் காத்திருக்கிற ஆத்துமா அங்கே பேசும். வரிசையை மாற்றாமல் வாசிப்பதில் இந்த நன்மை இருக்கிறது, யாருடைய நிலைமையும் விட்டுப்போகாது.

131இல் கட்டாயம் அதிக நேரம் கொடுங்கள். "தாயின் பால்மறந்த குழந்தையைப்போல" என்ற வரியை அம்மாக்களிடம் விட்டுவிடுங்கள், சபைப் போதகர் விளக்குவதைவிட அவர்கள் நன்றாக விளக்குவார்கள். பால் குடிக்கிற பிள்ளை மடிக்கு வருவது பாலுக்காக. பால் மறக்கிற நாட்களில் இராத்திரியெல்லாம் அழும். அது முடிந்த பிறகு அதே பிள்ளை அம்மாவிடம் எதுவும் கேட்காமல் சும்மா மடியில் சாய்ந்திருக்கும். அன்றைக்கு ஜெபக் குறிப்பு எதுவும் வாங்காமல், எதுவும் கேட்காமல் ஜெபித்துப் பாருங்கள்.

கூட்டத்தில் ஒருவர் மனம் திறந்து சொன்னது அந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது, இதை முதல் நாளே எல்லோர் முன்பும் சொல்லிவிடுங்கள். ஒரு சகோதரி கண்ணீரோடு சொன்ன குடும்ப விஷயத்தை யாரோ நல்லெண்ணத்தோடு ஜெபக் குறிப்பாக வாட்ஸ்அப்பில் போட்டு, மறுநாள் அது சபை முழுக்கத் தெரிந்துபோன சம்பவம் எனக்குத் தெரியும். அந்தச் சகோதரி திரும்பி வரவே இல்லை.

கடைசி வாரம் 134. கூட்டம் முடிந்து, டீ குடித்து, செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கும்போது இதை வாசியுங்கள், இராக்காலத்துக்கான சங்கீதம் இது. முதல் இரண்டு வசனத்தைப் போகிறவர்கள் வீட்டுக்காரர்களைப் பார்த்துச் சொல்லட்டும். மூன்றாம் வசனம் ஆசீர்வாதம், அதை வீட்டுக்காரர்கள் வாசற்படியில் நின்று போகிறவர்களுக்குச் சொல்லட்டும்.