முக்கோணமாக வெட்டாமல் முக்கோண டேபிள் மேட்

பிளவுஸ் தைக்கிற வீட்டில் மிச்சத் துணிக்குப் பஞ்சமே இருக்காது. மதுரையில் என்னிடம் வருவது பெரும்பாலும் காட்டன்தான்: டூ பை டூ ரூபியா, சுங்குடி, கலம்காரி அச்சு. மிச்சத்தைக் கேட்பவர்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். வேண்டாம் என்பவர்களின் துண்டில் 4 இன்ச் சதுரம் தேறுமா என்று பார்த்து, தேறினால் வெட்டும் மேசையிலேயே வெட்டி எடுத்துவிடுவேன். வெளிர் நிறம் ஒரு பையில், அடர் நிறம் ஒரு பையில். இந்தச் சதுரங்களை வைத்துத்தான் முக்கோண வடிவங்கள் தெரியும் டேபிள் மேட் தைக்கிறேன். பட்டும் சிந்தெடிக்கும் இதற்கு ஆகாது. பட்டு நூல் பிரிந்துகொண்டே வரும், சிந்தெடிக் சூடான பாத்திரத்தைத் தாங்காது.

முக்கோண வேலை என்றதும் பலரும் துணியை முக்கோணமாக வெட்டத் தொடங்குகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். முக்கோணத்தின் நீளப் பக்கம் துணியின் கிராஸில், அதாவது நூலோட்டத்துக்குச் சாய்வாக விழுகிறது. கிராஸ் இழுத்தால் நீளும். கழுத்துக்குப் பைப்பிங் வைக்க நாம் கிராஸ் பீஸ் வெட்டுவதே அதற்காகத்தான். இங்கே அந்த நீட்சி வேண்டவே வேண்டாம். மிஷினில் ஓடும்போதே ஓரம் அலையடித்து, முனைகள் ஒன்றோடொன்று சேராது. எனவே சதுரமாக வெட்டி, முதலில் தைத்து, பிறகுதான் குறுக்கே வெட்ட வேண்டும்.

ஒரு மேட்டுக்கு 4 இன்ச் சதுரங்கள் வெளிரில் 12, அடரில் 12 வேண்டும். முழு பிளவுஸ் பிட் வாங்கித்தான் செய்வேன் என்றால் 80 சென்டிமீட்டர் பிட்டில், அகலம் 36 இன்ச் இருந்தால், 63 சதுரம் வரும். வெட்டும் முன் துணியை அலசிவிடுங்கள். சிவப்பு, கருநீலம் இரண்டையும் தனித்தனியாக, தண்ணீரில் சாயம் இறங்குவது நிற்கும்வரை அலச வேண்டும். இல்லாவிட்டால் முதல் துவையலிலேயே வெளிர்ப் பக்கம் எல்லாம் திட்டுத் திட்டாகிவிடும்.

நிறம் எதுவாகவும் இருக்கலாம், வெளிரும் அடரும் நன்றாகப் பிரிந்து தெரிய வேண்டும், அவ்வளவுதான். சிவப்பும் பச்சையும் கண்ணுக்கு வேறு வேறாகத் தெரியும். இரண்டும் ஒரே அடர்த்தியில் இருந்தால் தைத்து முடித்த பிறகு முக்கோணமே காணாமல் போய்விடும். சந்தேகம் வந்தால் போனில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். வெளிருக்கு நான் சுத்த வெள்ளை எடுப்பதில்லை. சாம்பார் சிந்தும் இடம் இது. மாம்பழ மஞ்சள், சந்தன நிறம் இரண்டும்தான் என் விருப்பம்.

சரி, தைக்கலாம். வெளிர்ச் சதுரம் ஒன்றையும் அடர்ச் சதுரம் ஒன்றையும் நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். மேலே மூலைக்கு மூலை ஒரு கோடு போடுங்கள். கோட்டின் மேல் தைக்கக் கூடாது. அதற்கு இந்தப் பக்கம் கால் இன்ச் தள்ளி ஒரு தையல், அந்தப் பக்கம் கால் இன்ச் தள்ளி ஒரு தையல். ஜோடிகளை நூல் வெட்டாமல் அடுத்தடுத்து மிஷினில் விட்டுக்கொண்டே போகலாம், நூலும் மிச்சம், நேரமும் மிச்சம். 14-ஆம் நம்பர் ஊசி, இன்ச்சுக்குப் பன்னிரண்டு தையல் போதும். நூலை இளஞ்சாம்பல் நிறத்தில் போட்டால் இரண்டு துணியோடும் ஒத்துப்போகும்.

இப்போது கோட்டின் மேல் வெட்டினால் ஒரு ஜோடியிலிருந்து பாதி வெளிர், பாதி அடராக இரண்டு சதுரம் கிடைக்கும். தையலின் ஓரத்தை அடர் பக்கம் சாய்த்து அயர்ன் பண்ணுங்கள். அயர்ன் பெட்டியைத் தேய்த்து இழுக்காமல், வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். கிராஸ் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. அப்புறம் எல்லாவற்றையும் மூன்றரை இன்ச் அளவுக்குச் சரிசெய்யுங்கள். நான் பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் மூன்றரை இன்ச் சதுரம் வெட்டி, குறுக்கே கோடு கீறி வைத்திருக்கிறேன். கீறல் தையலின் மேல் உட்கார வேண்டும், வெளியே நீட்டியதை வெட்டிவிட வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் முனைகள் கூர்மையாகச் சேருவது இங்கேதான் தீர்மானமாகிறது, விட்டுவிடாதீர்கள்.

இருபத்து நான்கு சதுரத்தையும் ஆறுக்கு நான்காகத் தரையில் பரப்புங்கள். நான்கு நான்காகச் சேர்த்து, ஒவ்வொரு சதுரத்தையும் முந்தையதிலிருந்து கால் சுற்று திருப்பி வைத்தால் ஆறு காற்றாடி வரும். எல்லாக் காற்றாடியும் ஒரே பக்கம் சுற்றுகிறதா என்று எழுந்து நின்று பாருங்கள். வரிசை வரிசையாகக் கால் இன்ச் விட்டுத் தைத்து, ஒரு வரிசையின் ஓரங்களை வலப்பக்கமும் அடுத்ததை இடப்பக்கமும் சாய்த்தால் இணைப்பு ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும். வரிசைகளைச் சேர்க்கும் கடைசித் தையலை மட்டும் இரண்டு பக்கமும் விரித்து அயர்ன் பண்ணுங்கள். காற்றாடியின் நடுவில் துணி பல மடிப்பாகச் சேர்ந்து மேடு தட்டினால், மேலே வைக்கிற டம்ளர் ஆடும்.

உள்ளே பஞ்சு வாடிங் வேண்டாம். பழைய பூத்துவாலையே சூட்டையும் ஈரத்தையும் நன்றாக வாங்கிக்கொள்ளும். துவாலையையும் பின்பக்கத்துக்குக் காடாத் துணியையும் 20-க்கு 14 இன்ச்சாக வெட்டி, காடா கீழே, துவாலை நடுவில், தைத்த காற்றாடித் துணி மேலே என மூன்றையும் அடுக்கி, ஒரு கை அகலத்துக்கு ஓர் ஊக்கு குத்துங்கள். ஊசியை 16-க்கு மாற்றி, தையல் நீளத்தைக் கூட்டி, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிக் குறுக்குக் கோடுகளாகத் தையுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் சுருக்கம் விழும். மிஷின் இல்லாதவர்கள் கையாலேயே ஓட்டுத் தையல் போடலாம். கர்நாடகத்தின் உத்தர கன்னடப் பகுதியில் சித்தி சமூகப் பெண்கள் பழைய துணிகளை அடுக்கித் தைக்கும் கவந்தி விரிப்புகள் முழுக்கக் கைத்தையல்தான். ஆனால் அவர்கள் முறை வேறு, ஓரத்தில் தொடங்கி நடுவுக்கு வருவார்கள்.

நீட்டியிருக்கும் ஓரங்களை வெட்டிச் சமப்படுத்திவிட்டு விளிம்பு கட்டுங்கள். இங்கே கிராஸ் பீஸ் தேவையில்லை, நேர் ஓரத்துக்கு நேர்ப் பட்டையே போதும். இரண்டேகால் இன்ச் அகலம், மொத்தம் 72 இன்ச் நீளம், நீளவாக்கில் இரண்டாக மடித்தது. முன்பக்கம் கால் இன்ச்சில் வைத்துத் தைத்து, மூலைக்குக் கால் இன்ச் முன்பே நிறுத்தி, பட்டையை மேல்நோக்கி மடித்துக் கீழே இறக்கினால் மூலை தானாக அமையும். பின்பக்கம் திருப்பிக் கையால் எம்மிங் போட்டுவிடுங்கள்.

துவைக்கும்போது மஞ்சள் கறையில் சோப்பு பட்டதும் சிவப்பாக மாறும், பயப்பட வேண்டாம். நன்றாக அலசி, கறை மேலே தெரியும்படி வெயிலில் காயப்போட்டால் மெதுவாக வெளுத்துவிடும். காய்ந்ததும் பின்பக்கம் திருப்பி அயர்ன் பண்ணுங்கள்.