கம்பெனிப் படம், சொந்தப் படம்: இயக்குநர் முன்கூட்டியே செய்துகொள்ள வேண்டியவை

ஒரு தயாரிப்பு நிறுவனத்துக்காக ஒரு படமும், நண்பர்கள் சேர்த்துக் கொடுத்த பணத்தில் ஒரு படமும் இயக்கிய பிறகு எனக்குத் தெளிவானது இதுதான்: நிறுவனப் படத்தில் இயக்குநரின் கை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளோடு பெருமளவு கட்டப்பட்டுவிடுகிறது, சுயாதீனப் படத்தில் திரைக்கதையை எழுதி முடிக்கும் நாளோடு கட்டப்பட்டுவிடுகிறது. படப்பிடிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் தள்ளிவைத்தவற்றில் ஒன்றுகூடப் படப்பிடிப்பில் சரியாகவில்லை.

முதலில் ஒப்பந்தத்தைப் பார்ப்போம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், திரைப்படத்தின் ஆசிரியர் என்று தயாரிப்பாளரையே கொள்கிறது. இயக்குநருக்கு அதில் இடமில்லை. ஆனால் திரைக்கதை ஓர் இலக்கியப் படைப்பு என்பதால், அதை எழுதியவருக்குத் தனி உரிமை உண்டு; 2012இல் வந்த திருத்தம், ராயல்டி பெறும் உரிமையையும் அந்த எழுத்தாளருக்கு உறுதிசெய்தது. எனவே கதையும் திரைக்கதையும் உங்களுடையதாக இருந்தால், எழுத்துக்கு ஒன்று, இயக்கத்துக்கு ஒன்று என இரண்டு ஒப்பந்தங்கள் கேளுங்கள். ‘முதல் பிரதி’ அடிப்படையில், அதாவது பேசிய தொகைக்குள் படத்தை முடித்துத் தருவதாக ஒப்புக்கொள்பவர்கள், நடிகரின் கால்ஷீட் தள்ளிப்போனால் கூடும் செலவு யாருடையது என்பதை எழுதி வாங்காமல் அட்வான்ஸைத் தொடவே கூடாது.

என் நிறுவனப் படத்தில், ஒரு தாய் தன் மகளுக்குத் தலை பின்னிவிடும் நான்கு நிமிடக் காட்சி இருந்தது. அவர்கள் பேசுவது குறைவு, சீப்பில் சிக்கிய முடியை அந்த அம்மாள் விரலில் சுருட்டி ஜன்னலில் வைப்பதுதான் காட்சியின் உயிர். ரீ ரெக்கார்டிங் என்னும் பின்னணி இசைச் சேர்ப்பு முடிந்த பிறகு, நீளம் கருதி அது நீக்கப்பட்டது என்று தொலைபேசியில் தெரிவித்தார்கள். ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். இறுதித் தொகுப்பை, அதாவது படத்தில் எது இருக்கும் எது போகும் என்பதை, யார் முடிவுசெய்வது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. முதல் படம் செய்பவருக்கு இறுதித் தொகுப்பு உரிமையை யாரும் எளிதில் தரமாட்டார்கள். ஆனால் ‘எந்தக் காட்சியையும் நீக்கும் முன் இயக்குநருக்குத் திரையிட்டுக் காட்டி, அவர் கருத்தை எழுத்தில் பெற வேண்டும்’ என்ற ஒரு வரியைக் கேட்டுப் பெற முடியும். அந்த ஒரு வரி இருந்திருந்தால் பேசுவதற்காவது எனக்கு ஓர் இடம் கிடைத்திருக்கும்.

இனி சொந்தப் படம். பணம் எவ்வளவு தேவை என்று கணக்கிடும் முன், பணமில்லாமலே உங்கள் கையில் இருப்பது எது என்று கணக்கிடுங்கள்: அனுமதி கேட்கத் தேவையில்லாத வீடு, தெரிந்த ஊர், நடிக்கச் சம்மதிக்கும் முகங்கள், எல்லாவற்றுக்கும் மேலாகக் காலம். 2021இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது பெற்ற ‘கூழாங்கல்’ படத்தைப் பாருங்கள். இயக்குநர் பி.எஸ். வினோத்ராஜ் அதில் ஒரு தகப்பனையும் மகனையும் வறண்ட நிலத்தில் நடக்கவிட்டார். வெயிலும் வெற்று வெளியும் அங்கே கதையையே நடத்துகின்றன.

காலம் கையில் இருந்தாலும் பருவம் காத்திருக்காது. 1952இல் ‘பதேர் பாஞ்சாலி’க்காக நாணல் பூத்த வெளியில் சத்யஜித் ராய் ஒரு நாள் படம்பிடித்தார், அடுத்த வாரம் திரும்பி வந்தபோது பூக்களை மாடுகள் மேய்ந்து தீர்த்திருந்தன. மீதிக் காட்சிக்கு அடுத்த ஆண்டுப் பூப்பு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆகவே அறுவடை, திருவிழா, ஏரி நிரம்பும் நாள் போன்று மீண்டும் அமைக்க முடியாதவற்றை ஷெட்யூலின் தொடக்கத்திலேயே வைத்து, ஒரே மூச்சில் எடுத்துவிடுங்கள்.

சிறிய படத்தில் நான் ஒருபோதும் சிக்கனம் பார்க்காத இடம் ஒலி. படம் சற்று மங்கினால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். வசனம் கேட்காவிட்டால் எழுந்துவிடுவார். லைவ் சவுண்டில், அதாவது படப்பிடிப்பிலேயே வசனத்தைப் பதிவுசெய்து எடுப்பதென்றால், லொகேஷன் பார்க்கும்போதே அந்த வீட்டில் அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்து, பக்கத்து வீட்டு மோட்டார் எப்போது ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரைச்சல் பதிவாகாமலிருக்க டேக்குக்கு முன் ஃபிரிட்ஜை அணைத்தால், எங்கள் ஒலிப்பதிவாளர் தன் பைக் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுவார். வீட்டுக்குக் கிளம்பும்போது சாவியைத் தேடி ஃபிரிட்ஜைத் திறப்பார், ஸ்விட்ச் நினைவுக்கு வரும். அந்த வீட்டுக்காரரின் பால் கெடாது. வீட்டை இலவசமாகத் தந்தவருக்கு நாம் செய்யும் மரியாதை அது. ஒவ்வொரு அறையிலும் ஆளரவமற்ற ஒரு நிமிட அமைதியையும் பதிவுசெய்து வாருங்கள். வசனங்களுக்கு இடையிலான வெற்றிடத்தை எடிட்டிங்கில் நிரப்ப அதுவே உதவும்.

கதையில் ஆடோ கோழியோ நடித்தால், விலங்குகள் நல வாரியத்திடம் படப்பிடிப்புக்கு முன்பே அனுமதி பெற வேண்டும். அவர்களின் தடையின்மைச் சான்று இல்லாவிட்டால் தணிக்கையில் படம் நின்றுவிடும். பெரிய நிறுவனத்தில் இதற்கென்று ஓர் ஆள் இருப்பார். உங்கள் படத்தில் அந்த ஆளும் நீங்களேதான்.

தொகுப்பு முக்கால்வாசி முடிந்ததும், கோவாவில் நவம்பர் மாதத்தில் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் நடத்தும் ஃபிலிம் பஜார் (இப்போது ‘வேவ்ஸ் ஃபிலிம் பஜார்’) என்னும் திரைப்படச் சந்தைக்கு விண்ணப்பியுங்கள். முடிவடையாத படங்களைப் பார்த்து ஆலோசனை தருவதற்கென்றே அங்கே ஒரு பிரிவு உண்டு. பெரிய விழாக்கள் பல, வேறெங்கும் திரையிடாத படத்தையே கேட்கும். அதனால் விழாக்களின் பதில் வரும் வரை ஊர்த் திரையிடலுக்கும் இணையத்துக்கும் படத்தைக் கொடுக்காதீர்கள், நடித்தவர்கள் எவ்வளவு அன்போடு கேட்டாலும். அவர்களை வீட்டுக்கு அழைத்து, லேப்டாப்பில் போட்டுக் காட்டுங்கள்.