அரண்மனைச் சுற்றுலா: அட்வான்ஸ் கட்டும் முன் கவனிக்க வேண்டிய தவறுகள்

பெரம்பூர், தண்டையார்பேட்டை, கொளத்தூர் பக்கம் காசி டூர் போய் வராத வீடு குறைவு. சமையல்காரரைக் கூடவே கூட்டிப்போய், சத்திரத்தில் தங்கவைத்து, ரசம் சாதம் போட்டு, பத்துப் பன்னிரண்டு நாளில் பார்க்க வேண்டியதையெல்லாம் காட்டித் திரும்பக் கொண்டுவந்து விடுகிற டூர். அது அதன் வேலையைச் சரியாகவே செய்கிறது. இப்போது கொஞ்ச நாளாக வேறு ஒரு கேள்வி காதில் விழுகிறது. ரயில்வேயிலோ துறைமுகத்திலோ ரிட்டயர் ஆனவர்கள், இருபத்தைந்தாவது கல்யாண நாளை விமரிசையாகக் கொண்டாட நினைப்பவர்கள் கேட்கிறார்கள்: "ராஜஸ்தான்ல அரண்மனையிலயே தங்கவெக்கிற டூர் இருக்காமே, தலைக்கு லட்சத்துக்கு மேல சொல்றான், போலாமா?"

தாராளமாகப் போகலாம். ஆனால் காசி டூரை எடைபோடுகிற அதே தராசில் இதையும் எடைபோடுவதால்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன. அந்த டூரில் எத்தனை ஊர் என்பது கணக்கு. இந்த டூரில் ஓர் இடத்தில் எத்தனை மணி நேரம் இருக்கப்போகிறோம் என்பதுதான் கணக்கு. பணம் அதற்குத்தான் போகிறது.

ஊர்ப் பட்டியலைப் பார்த்து மயங்குவது

நோட்டீஸில் டில்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர், ஜோத்பூர், ஜெய்சல்மேர், உதய்ப்பூர் என்று ஆறு ஊர், ஏழு இரவு என்று போட்டிருக்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். சாலைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். டில்லியிலிருந்து ஆக்ரா 200 கிலோமீட்டருக்கு மேல், ஆக்ராவிலிருந்து ஜெய்ப்பூர் சுமார் 240, அங்கிருந்து ஜோத்பூர் 330க்கு மேல், ஜோத்பூர் - ஜெய்சல்மேர் சுமார் 280, ஜெய்சல்மேரிலிருந்து உதய்ப்பூர் ஏறக்குறைய 500. சென்னையிலிருந்து காரில் கன்னியாகுமரி போய்த் திரும்புகிற தூரத்தைவிட அதிகம். அதையும் கோட்டை பார்ப்பதற்கு நடுவில் செய்ய வேண்டும்.

இதனால் என்ன ஆகும்? அரண்மனை ஹோட்டல்களில் பொதுவாக மதியம் 2 மணிக்கு மேல்தான் அறை தருவார்கள், மறுநாள் 11 அல்லது 12 மணிக்குள் காலி செய்ய வேண்டும். நீங்கள் சாயங்காலம் ஏழு மணிக்குக் களைத்துப்போய் வந்து இறங்கி, காலை எட்டு மணிக்கு அடுத்த ஊருக்குக் கிளம்பினால் என்ன கிடைத்தது? ஒரு கட்டில். தோட்டத்தில் மயில் நடப்பதையோ, பழைய தர்பார் மண்டபத்தையோ, மாலையில் ஏரி நிறம் மாறுவதையோ பார்க்க நேரமே இருந்திருக்காது. அந்தத் தூக்கத்தை யானைகவுனி லாட்ஜிலேயே தூங்கியிருக்கலாம்.

என் கணக்கில் ஏழு இரவுக்கு மூன்று ஊர் போதும். ஜெய்ப்பூர் மூன்று, ஜோத்பூர் இரண்டு, உதய்ப்பூர் இரண்டு. ஜெய்சல்மேர் அழகான ஊர்தான், மறுக்கவில்லை. ஆனால் அது மேற்கே ஒரு மூலையில் இருக்கிறது. அதற்கென்று தனியாக நாள் இல்லாவிட்டால் விட்டுவிடுவது நல்லது. எல்லா இரவும் அரண்மனையில்தான் தங்க வேண்டும் என்பதும் இல்லை. ஒரே ஓர் அரண்மனையில் இரண்டு இரவு, மற்ற ஊர்களில் நல்ல சாதாரண ஹோட்டல் என்று பிரித்துக்கொண்டால் செலவும் குறையும், அரண்மனையில் நிஜமாகவே இருந்த மாதிரியும் இருக்கும்.

எந்த அரண்மனை, எந்த அறை என்று கேட்காமல் விடுவது

பேலஸ் என்று பேர் வைத்த கல்யாண மண்டபம் நம் ஏரியாவிலும் உண்டு. அங்கே ராஜா யாரும் இருந்ததில்லை. ராஜஸ்தானிலும் அப்படித்தான், பேரில் பேலஸ் இருப்பதால் மட்டும் அது அரண்மனை ஆகிவிடாது. மத்திய சுற்றுலா அமைச்சகம் பாரம்பரிய ஹோட்டல் என்று ஒரு தனி வகை வைத்திருக்கிறது. 1950க்கு முன் கட்டப்பட்ட அரண்மனை, கோட்டை, ஹவேலி எனப்படும் பழைய மாளிகை போன்றவைதான் அதில் வரும். உங்கள் ஹோட்டல் அதில் இருக்கிறதா என்று ஏஜென்ட்டிடம் கேளுங்கள். இருந்தாலும் அடுத்த கேள்வியை விடாதீர்கள்: அறை பழைய கட்டடத்திலா, பின்னால் புதிதாகக் கட்டிய பகுதியிலா? இரண்டுக்கும் வாசல் ஒன்றுதான், உள்ளே அனுபவம் வேறு.

இன்னொரு குழப்பம், பார்ப்பதும் தங்குவதும். உதய்ப்பூரில் பிச்சோலா ஏரிக்கு நடுவே வெள்ளையாக மிதக்கிற ஜக் நிவாஸ், 1740களில் மகாராணா இரண்டாம் ஜகத் சிங் என்ற ராஜா கட்டியது, இப்போது ஹோட்டல். படகில்தான் போக முடியும், அதுவும் அங்கே தங்குகிறவர்களுக்குத்தான். திட்டத்தில் 'ஏரி அரண்மனை' என்று போட்டிருந்தால், பெரும்பாலும் படகில் சுற்றிக் காட்டிவிட்டு, பக்கத்துத் தீவான ஜக் மந்திரில் இறக்கிவிடுவார்கள். அதில் ஏமாற்று எதுவும் இல்லை, நாம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஜோத்பூரின் உமைத் பவன் இன்னும் நல்ல உதாரணம். தொடர்ந்து மழை பொய்த்துப் பஞ்சம் வந்த காலத்தில், ஜனங்களுக்குக் கூலி கிடைக்கட்டும் என்று மகாராஜா உமைத் சிங் 1929ல் வேலையைத் தொடங்கினார். 1943ல்தான் முடிந்தது. கூலி கொடுப்பதே நோக்கம் என்பதால் அவசரப்பட்டு முடிக்கவும் இல்லை. 347 அறைகள். இன்று ஒரு பகுதியில் அரச குடும்பம் வாழ்கிறது, ஒரு பகுதி ஹோட்டல், ஒரு சின்னப் பகுதி மட்டும் மியூசியம். டிக்கெட் வாங்கிப் போகிறவர் பார்ப்பது அந்த மியூசியத்தை மட்டுமே. ஆகவே திட்டத்தில் உள்ள ஒவ்வோர் இடத்துக்கும் நேராக 'உள்ளே போவோமா, வெளியே நின்று போட்டோவா, டிக்கெட் யார் செலவு?' என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை இந்த அரண்மனைகள் கல்யாணச் சத்திரங்களாகவும் மாறுகின்றன. உதய்ப்பூர் இதற்குப் பேர்போனது. கல்யாண வீட்டார் முழு ஹோட்டலையும் எடுத்துக்கொண்டால் உங்கள் புக்கிங்கே நடக்காது. பாதியை எடுத்துக்கொண்டால் நீச்சல் குளமும் தோட்டமும் அவர்களுக்கு, நள்ளிரவு வரை டி.ஜே. சத்தம் உங்களுக்கு. அந்தத் தேதியில் பெரிய விசேஷம் உண்டா என்று முன்பே கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

கிழமை பார்க்காமல் போவது

தாஜ்மஹால் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். இது எல்லாருக்கும் தெரிந்த மாதிரித் தோன்றும், ஆனாலும் வெள்ளிக்கிழமை ஆக்ராவில் இறங்குகிற குடும்பங்களுக்குக் குறைவில்லை. ஏஜென்ட்டின் திட்டம் முதல் நாள், இரண்டாம் நாள் என்றுதான் இருக்கும், கிழமை அதில் இருக்காது. உங்கள் விமான டிக்கெட் தேதியை வைத்து நீங்கள்தான் கிழமை எழுதிப் பார்க்க வேண்டும். டில்லி செங்கோட்டைக்குத் திங்கள் விடுமுறை. ஹைதராபாத் போனால் சௌமஹல்லா அரண்மனைக்கும் சாலார் ஜங் மியூசியத்துக்கும் வெள்ளி விடுமுறை. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிற பத்மநாபபுரம் அரண்மனை திங்கள் மூடல்.

ஜோத்பூரிலிருந்து உதய்ப்பூர் போகிற வழியில் ராணக்பூர் சமணக் கோயில் வரும். 1,444 தூண்கள் என்பார்கள். கும்பிட வருகிறவர்களைத் தவிர மற்ற பயணிகளை மதியம் 12 மணிக்கு மேல்தான் உள்ளே விடுகிறார்கள். காலை ஒன்பதரைக்கே போய் நிற்கிற மாதிரி திட்டம் போட்டிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். தோல் பெல்ட், தோல் பர்ஸ் உள்ளே கூடாது.

கைடையும் கடையையும் ஒன்றாகக் கட்டிவிடுவது

நல்ல கைடு இல்லாத கோட்டை வெறும் படிக்கட்டு. ஜெய்ப்பூர் ஹவா மஹாலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1799ல் ராஜா சவாய் பிரதாப் சிங் கட்டியது, 953 ஜன்னல். எல்லாரும் எதிர்ப்பக்கம் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். தெருவில் நின்று பார்க்கிற அந்தப் பிரபலமான முகம் உண்மையில் கட்டடத்தின் பின்புறம். வாசல் மறுபக்கம் இருக்கிறது. உள்ளே மேலே ஏறப் படிகளுக்குப் பதிலாகச் சரிவுப் பாதைதான். முழங்கால் வலிக்காரர்களும் மெல்ல ஏறி, அந்தப்புரப் பெண்கள் தெருவைப் பார்த்த அதே ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். இதைச் சொல்லி உள்ளே கூட்டிப்போகிறவர்தான் கைடு.

மற்றவர்கள் நாற்பது நிமிடத்தில் கோட்டையை முடித்துவிட்டு, 'அரசாங்க எம்போரியம்' என்று ஒரு கடைக்குக் கூட்டிப்போவார்கள். ஜெய்ப்பூரில் ரத்தினக் கல், ஆக்ராவில் பளிங்கு, எங்கேயும் கம்பளம். நீங்கள் வாங்குவதில் அவருக்குக் கமிஷன் உண்டு, அது விலையிலேயே ஏறியிருக்கும். லட்சக்கணக்கில் கட்டின டூரிலும் இது நடக்கிறது என்பதுதான் கொடுமை. கடைக்குப் போக விருப்பமில்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டால் தீர்ந்தது. கைடிடம் சுற்றுலாத் துறை அடையாள அட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். தமிழ் பேசும் கைடு வட இந்தியாவில் அபூர்வம். வேண்டுமானால் பல வாரம் முன்பே கேட்டு, கூடுதல் பணம் உண்டா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

வடசென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது, யாரும் பயன்படுத்துவதில்லை. சௌகார்பேட்டையில் பல தலைமுறையாக இருக்கும் மார்வாடிக் குடும்பங்களுக்குப் பூர்வீகம் ஜோத்பூரைச் சுற்றிய மார்வார் சீமை. தங்கசாலைத் தெருவில் வழக்கமாக நகை, துணி வாங்குகிற கடையில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். எந்த மாதம் போகலாம், எந்தப் பொருளை அங்கே வாங்கலாம், எதை இங்கேயே வாங்கினால் மலிவு என்று எந்த ஏஜென்ட்டும் சொல்லாத விவரமெல்லாம் வரும். பந்தனிப் புடவை விலையை இங்கே விசாரித்துவிட்டுப் போனால், அங்கே பேரம் பேசும்போது தடுமாற மாட்டீர்கள்.

குளிரும் முழங்காலும்

பள்ளி விடுமுறையை நம்பி மே மாதம் போகாதீர்கள். அக்டோபர் முதல் மார்ச் வரைதான் காலம். அதிலும் டிசம்பர் கடைசி, ஜனவரி முதல் பாதியில் டில்லி, ஆக்ரா பக்கம் பனிமூட்டம் விமானத்தையும் ரயிலையும் மணிக்கணக்கில் தாமதப்படுத்தும். விடியற்காலைத் தாஜ்மஹால் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். ராஜஸ்தான் இரவுகள் ஒற்றை இலக்க டிகிரிக்கு இறங்கும். மார்கழிக்கு மஃப்ளர் சுற்றுகிற நமக்கு அது வேறு குளிர், ஸ்வெட்டர் கட்டாயம்.

ஜெய்ப்பூர் பக்கத்து ஆமேர் கோட்டைக்கு ஏற ஜீப் உண்டு. யானைமேல் ஏறித்தான் போக வேண்டும் என்பதில்லை. அந்த யானைகளின் நிலையைப் பற்றிப் பல காலமாகப் புகார் இருக்கிறது, நான் ஜீப்பையே சொல்வேன். ஜோத்பூர் மெஹ்ரான்கர் கோட்டையில் கட்டண லிஃப்ட் இருக்கிறது. வயதான அப்பா அம்மாவோடு போகிறவர்கள் இதை முன்கூட்டியே திட்டத்தில் சேர்த்துவிட வேண்டும்.

பணம் கட்டும்போது

சொல்லும் விலை இருவர் ஓர் அறையில் தங்குவதற்கு. தனியாகப் போனால் ஏறும். ஓர் இரவு வாடகை 7,500 ரூபாயைத் தாண்டினால் அறைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி; பேக்கேஜ் விலையில் அது அடங்கியதா, மேலே வருமா என்று கேளுங்கள். டிசம்பர் 24, 31 இரவுகளில் பல பெரிய ஹோட்டல்களில் விருந்துக் கட்டணம் கட்டாயம். தாஜ்மஹால் நுழைவு 50 ரூபாய், சமாதி இருக்கும் பிரதானக் கட்டடத்துக்குள் போக இன்னும் 200. அந்த 200 சேர்த்தியா என்பதும் ஒரு கேள்வி. ரத்து செய்தால் எத்தனை நாளுக்கு முன் எவ்வளவு திரும்பும் என்பதை வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜில் கேட்டு நம்பாமல் மெயிலில் வாங்குங்கள்.

விமான நேரத்தையும் பாருங்கள். விம்கோ நகரிலிருந்து நேராக விமான நிலையத்துக்கு மெட்ரோ இருக்கிறது, அருமையான வசதி. ஆனால் விடியற்காலை ஐந்து மணி விமானத்துக்கு அது உதவாது. திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இருந்து காரில் வருகிறவர்கள் கன்டெய்னர் லாரி வரிசையையும் கணக்கில் சேர்த்துக் கிளம்ப வேண்டியிருக்கும்.

இவ்வளவு பணத்தை முதல் தடவையே போடத் தயக்கமாக இருந்தால், மைசூரில் தொடங்கலாம். பாரிமுனையில் நாம் தினமும் கடந்துபோகிற சிவப்பு உயர் நீதிமன்றத்தைக் கட்டி முடித்த ஹென்றி இர்வின்தான் மைசூர் அரண்மனையையும் வடிவமைத்தவர். 1897ல் ஓர் அரச கல்யாணத்தின்போது பழைய மர அரண்மனை எரிந்துபோக, புதியது 1912ல் முடிந்தது. சென்ட்ரலிலிருந்து 2022 முதல் வந்தே பாரத்தும் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை இரவு அங்கே இருக்கிற மாதிரி டிக்கெட் போடுங்கள், அன்று சுமார் ஒரு லட்சம் விளக்கு எரியும். தசரா சமயத்தில் மட்டும் வேண்டாம், கூட்டத்தில் அரண்மனை தெரியாது.