புது நோட்டு வாங்கும் முன் பழைய நோட்டைப் புரட்டுங்கள்

ஜூனில் பள்ளி திறக்கிறது என்றால் நெல்லை டவுனிலும் பாளையங்கோட்டையிலும் நோட்டுக் கடைகளில் நிற்க இடமிருக்காது. அங்கே போவதற்கு முன், சென்ற ஆண்டு நோட்டுகளை எடைக்குப் போடாமல் ஒரு முறை புரட்டிப் பாருங்கள். எழுதாத தாள்கள் நிறையவே மிஞ்சியிருக்கும். கையால் கிழித்தால் ஓரம் பிசிறடிக்கும். நடுப் பின்னை ஒட்டிப் பிளேடால் நறுக்கி எடுங்கள். ஒரே அளவுத் தாள்களை அடுக்கி, இடது ஓரத்தில் கோணி ஊசியால் துளையிட்டு, கெட்டி நூலால் தைத்து, பழைய காலண்டர் அட்டையை மேலே வைத்தால் ரஃப் நோட்டு தயார். கணக்குப் போட்டுப் பார்க்கவும் எழுத்துப் பழகவும் புது நோட்டு வாங்குவது வீண் செலவு என்பதே என் உறுதியான கருத்து.

அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடநூல், நோட்டு, புத்தகப் பை போன்றவை வகுப்புக்கேற்ப விலையில்லாமல் கிடைக்கின்றன. என்னென்ன வரும் என்று ஆசிரியரிடம் கேட்டுவிட்டு மீதியை மட்டும் வாங்குங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் நோட்டு, பென்சில், ரப்பர், ஷார்ப்னர் ஆகியவற்றுக்கு ஜிஎஸ்டி கிடையாது. பில்லில் வரி சேர்த்திருந்தால் தயங்காமல் கேளுங்கள்.

சீருடை தைக்கக் கொடுக்கும்போது, கால்சட்டையிலும் பாவாடையிலும் கீழ் மடிப்பைத் தாராளமாக விடச் சொல்லுங்கள். பிள்ளை வளர்ந்ததும் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். வளரும் வயதுப் பிள்ளைக்கு இது கட்டாயம். துணியைத் தைப்பதற்கு முன் ஒரு முறை நனைத்துக் காயவைத்துவிடுங்கள்.