எடை குறையவில்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள்: நோயாளியின் உடம்பு தேய்வதை அளந்து பார்ப்பது எப்படி

கால் வீங்கிய ஒரு பெரியவரை மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போது ஏற்றினாலும் மெஷினில் 62 கிலோ. எடை இறங்கவில்லை, பரவாயில்லை என்று நானும் குறித்துவைத்தேன். நீர் இறங்க மாத்திரை கொடுத்து வீக்கம் வடிந்த பிறகு ஏற்றினால் 53. தசை கரையக் கரைய அந்த இடத்தைத் தண்ணீர் நிரப்பிக்கொண்டே வந்திருக்கிறது. அவர் தொடையை ஒரு தடவை தொட்டுப் பார்த்திருந்தால் முதல் மாதமே தெரிந்திருக்கும். அதிலிருந்து எடைமெஷின் சொல்வதை மட்டும் வைத்து யாரையும் முடிவு செய்வதில்லை. முதியவர்கள், படுக்கையில் இருப்பவர்கள், புற்றுநோய், சிறுநீரகம், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், இவர்களைப் பார்த்துக்கொள்ளும் நர்சுகளும் வீட்டுக்காரர்களும் செய்யக்கூடியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கேளுங்கள். "நல்லா சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் "ம்" என்றுதான் சொல்வார்கள். "நேத்து ராத்திரி தட்டுல வச்சதுல எவ்வளவு மிச்சம்?" என்று கேளுங்கள், பாதி என்றோ முக்கால் என்றோ பதில் வரும். அப்புறம் வழக்கமான எடை எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று பார்த்து, குறைந்ததை வழக்கமான எடையால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 60 கிலோ இருந்தவர் 54 ஆனால் 10 சதவீதம். ஆறு மாதத்துக்குள் 5 சதவீதத்துக்கு மேல் தானாகக் குறைந்திருந்தாலே கவனிக்க வேண்டும், 10 சதவீதம் என்றால் நிலைமை மோசம். பழைய எடை யாருக்கும் நினைவில்லையா? பெல்ட்டில் புதிதாகப் போட்ட ஓட்டை, விரலில் சுழலும் மோதிரம், திடீரென்று ஆடும் பல்செட், பழைய டாக்டர் சீட்டு, இதெல்லாம் சாட்சி சொல்லும்.

கேட்டதை மதிப்பெண்ணாக மாற்ற 'மஸ்ட்' என்ற ஊட்டக்குறைவுச் சோதனை முறை எளிது. பிஎம்ஐ (கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு தடவை வகுத்தால் வருவது) 20க்கு மேல் என்றால் 0, 18.5 முதல் 20 வரை 1, அதற்கும் கீழே 2. கடந்த மூன்று முதல் ஆறு மாதத்தில் எடை 5 சதவீதத்துக்குள் குறைந்திருந்தால் 0, 5 முதல் 10 வரை 1, அதற்கு மேல் 2. உடம்பு ரொம்ப முடியாமல் ஐந்து நாளுக்கு மேல் சாப்பாடு இறங்கவில்லை, அல்லது இறங்காது என்று தெரிகிறது என்றால் இன்னொரு 2. கூட்டி 2 அல்லது அதற்கு மேல் வந்தால் உணவியல் நிபுணரைக் கூப்பிட்டுவிடுங்கள்.

பிஎம்ஐ போட உயரம் வேண்டுமே, நிற்கவே முடியாதவருக்கும் கூன் விழுந்தவருக்கும் என்ன செய்வது? முழங்காலைச் செங்கோணமாக மடக்கி, குதிகாலின் அடியிலிருந்து மடங்கிய முழங்காலின் மேல்பக்கம் வரை சென்டிமீட்டரில் அளங்கள். 60 வயதைத் தாண்டிய பெண்ணுக்கு, அந்த அளவை 1.83ஆல் பெருக்கி 84.88 கூட்டி, வயதை 0.24ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். ஆணுக்கு அதே வரிசையில் 2.02, 64.19, 0.04. 75 வயதுப் பெண்ணுக்கு முழங்கால் அளவு 46 என்றால் உயரம் ஏறத்தாழ 151 செ.மீ. மற்றவர்கள் குத்துமதிப்பாகச் சொல்லும் உயரத்தைவிட இது எவ்வளவோ மேல்.

சரி, இனி கையை வைத்துப் பார்க்க வேண்டியது. நான் அதிகம் நம்புவது இதைத்தான். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே உள்ள நெற்றிப்பொட்டு குழி விழுந்திருக்கிறதா, காரை எலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறதா பாருங்கள். கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் நுனியில் சேர்க்கச் சொன்னால், இரண்டுக்கும் நடுவே கையின் மேல்பக்கத்தில் தசை மேடாக எழும்ப வேண்டும். அது தட்டையாகவோ பள்ளமாகவோ இருந்தால் தசை போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தொடையைப் பிடித்துப் பாருங்கள், முன்பக்கத் தசை கைக்குள் திரண்டு நிற்கிறதா, தோல் மட்டும் வழுக்கிக்கொண்டு வருகிறதா என்று விரல்களே சொல்லிவிடும். கடைசியாகக் கணுக்காலுக்கு மேலே எலும்பின் மீது கட்டைவிரலால் சில நொடி அழுத்தி எடுங்கள். குழி அப்படியே நின்றால் நீர் கோத்திருக்கிறது, அன்றைய எடையை அப்படியே நம்பக் கூடாது.

டேப் இருந்தால் கெண்டைக்காலை அளக்கலாம். உட்காரவைத்து, பாதத்தைத் தரையில் ஊன்றச் சொல்லி, டேப்பை மேலும் கீழும் நகர்த்தி மிகப் பருத்த இடத்தைக் கண்டுபிடியுங்கள். தோலை இறுக்காதீர்கள், ஒட்டினால் போதும். ஆசிய தசைநலிவுப் பணிக்குழு 2019இல் சொன்ன கணக்குப்படி ஆணுக்கு 34 செ.மீ., பெண்ணுக்கு 33 செ.மீ.க்குக் கீழே போனால் தசைக்குறைவைச் சந்தேகிக்க வேண்டும். கால் வீங்கியிருந்தால் இந்த அளவுக்கு மதிப்பே இல்லை, அப்போது மேல்கைக்குப் போய்விடுங்கள். முழங்கையை மடக்கி, தோள் எலும்பு நுனிக்கும் முழங்கை நுனிக்கும் நடுவே புள்ளி வைத்து, கையைத் தொங்கவிட்டு அளக்க வேண்டும். பெரியவர்களுக்கு 23.5 செ.மீ.க்குக் கீழ் என்றால் பிஎம்ஐ 20க்குக் கீழே இருக்க வாய்ப்பு அதிகம். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைக்கு 11.5 செ.மீ.க்குக் குறைந்தால் கடுமையான ஊட்டக்குறைவு, தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். இரண்டு பாதத்திலும் அழுத்தினால் குழி விழுகிற குழந்தைக்கும் அதேதான், கை எவ்வளவு பருமனாக இருந்தாலும்.

எழுந்து உட்காரக்கூடியவரைக் கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொல்லுங்கள், விழாமல் பிடிக்க ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். 12 நொடி ஆகிவிட்டாலே தசையின் திறன் குறைந்திருக்கிறது. குண்டானவர்களுக்கு இதை அவசியம் செய்யுங்கள். கொழுப்புக்கு அடியில் தசை உருகுவதைக் கண்ணால் பார்த்துப் பிடிக்க முடியாது, "நல்லா பூசினாப்ல இருக்காரே" என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

நீர் கோத்தவர்களுக்கு எடையைத் திருத்திக் கணக்கிட வேண்டும். டயாலிசிஸ் செய்பவருக்கு டயாலிசிஸ் முடிந்த பிறகு எடுத்த எடையை எழுதுங்கள். கல்லீரல் கோளாறில் வயிற்றில் நீர் சேர்ந்திருந்தால், கொஞ்சமாக இருக்கும்போது 5 சதவீதம், நடுத்தரத்துக்கு 10, வயிறு முட்டிக்கொண்டிருந்தால் 15, இரண்டு காலும் வீங்கியிருந்தால் கூடுதலாக 5 கழிக்கிறார்கள். நடுத்தர அளவு நீரும் கால் வீக்கமும் உள்ள 70 கிலோக்காரரின் எடை 59.5 என்றுதான் எழுத வேண்டும். தோராயம்தான், ஆனால் 70 என்று எழுதுவது அதைவிடப் பெரிய தப்பு.

மெல்லிய மின்சாரம் செலுத்தி உடல் கொழுப்பைக் காட்டும் மெஷினும் தண்ணீரிடம் ஏமாறும். பேஸ்மேக்கர் வைத்தவர்களை அதில் ஏற்றாதீர்கள். வேறு காரணத்துக்காக வயிற்றில் சிடி ஸ்கேன் எடுத்திருந்தால் மூன்றாவது இடுப்பு முள்ளெலும்பு மட்டத்தில் தசையை அளக்க முடியும், டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

ரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதம் குறைவு என்றால் ஊட்டக்குறைவு என்ற பேச்சு வார்டுகளில் இன்னும் ஓடுகிறது. கிருமித்தொற்று, அறுவைசிகிச்சை, எந்த அழற்சி வந்தாலும் அல்புமின் இறங்கும். பட்டினியால் எலும்பும் தோலுமாக ஆனவருக்கு அது சரியாகவே இருக்கலாம். நோய் எவ்வளவு கடுமை என்று பார்க்க அதை வைத்துக்கொள்ளுங்கள், ஊட்டத்தை அளக்க வேண்டாம்.

தேய்ந்திருக்கிறார் என்று தெரிந்தவுடன் பாசத்தில் ஒரேயடியாக ஊட்டிவிடாதீர்கள். பிஎம்ஐ 16க்குக் கீழே, பத்து நாளுக்கு மேல் ஏறக்குறைய எதுவுமே சாப்பிடவில்லை, அல்லது சில மாதத்தில் 15 சதவீதத்துக்கு மேல் எடை போய்விட்டது, இதில் ஒன்று இருந்தாலே ஆபத்து. திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் சரிந்து இதயத் துடிப்பே தடுமாறலாம். முதலில் டாக்டரிடம் சொல்லி ரத்தம் பார்த்து, தயமின் (வைட்டமின் பி1) கொடுக்க வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும். அளந்ததைத் தேதியோடு எழுதிவையுங்கள், எந்தக் கால், எந்தக் கை, வீக்கம் இருந்ததா என்பதையும் சேர்த்து. அடுத்த வாரம் அதே காலில், அதே நேரத்தில், முடிந்தால் அதே ஆளே அளக்கட்டும்.