கொடைக்கானலில் ஓடவும் ஏறவும் பழகுகிறவர்களுக்கு: எந்தப் பழம், எப்போது, எவ்வளவு?

கொடைக்கானலில் பழத்துக்குப் பஞ்சமே கிடையாது. பெருமாள்மலைப் பக்கம் கடைகளில் மலைவாழைப்பழம் தொங்கும். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பேரிக்காயும் பட்டர் ஃப்ரூட்டும் குவிந்து கிடக்கும். இருந்தும் புதிதாக ஓட வருகிறவர்கள் முதலில் கேட்பது எந்த ஜெல் (ஓடும்போது உறையிலிருந்து உறிஞ்சும் சர்க்கரைக் கூழ்) வாங்கலாம், எந்தப் பவுடர் கலக்கலாம் என்றுதான். இரண்டு, இரண்டரை மணி நேர ஓட்டம், நடை, சைக்கிள் எதற்கும் பழமே போதும் என்பது என் கட்சி. ஆனால் எதை எந்த நேரத்தில் சாப்பிடுகிறோம் என்பதில் விஷயம் இருக்கிறது. நேரம் தவறித் தின்ற நல்ல பேரிக்காய், வட்டக்கானல் பாதையில் உங்களைப் புதர் தேட வைக்கும்.

சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களும், சிறுநீரகக் கோளாறு காரணமாகப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களும் கீழே உள்ள அளவுகளை அப்படியே பின்பற்ற வேண்டாம். உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: எவ்வளவு நேரம் என்று முடிவு செய்யுங்கள்

ஏரியைச் சுற்றி ஒரு சுற்று சுமார் 5 கி.மீ. நடந்தால் ஒரு மணி நேரம், ஓடினால் அதைவிடக் குறைவு. இதற்கென்று தனியாக எதுவும் சாப்பிட வேண்டியதில்லை. சோறு, இட்லி, பழம் எல்லாவற்றிலும் உள்ள மாவுச்சத்தும் சர்க்கரையும் கிளைக்கோஜனாக மாறித் தசையிலும் கல்லீரலிலும் சேர்ந்து கிடக்கின்றன. ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்கு அந்தக் கையிருப்பு சுமார் ஒன்றரை மணி நேர ஓட்டத்துக்குத் தாங்கும்.

விடியற்காலை ஓட்டம் மட்டும் கொஞ்சம் வேறு. நாம் தூங்கினாலும் மூளை தூங்குவதில்லை. அது கல்லீரலின் கையிருப்பிலிருந்து இரவு முழுக்க எடுத்துக்கொண்டே இருக்கும். அதனால் காலையில் தசை நிறைந்திருந்தாலும் கல்லீரல் பாதி காலியாக இருக்கும். பழத்தில் உள்ள ஃப்ரக்டோஸ் என்ற சர்க்கரை பெரும்பாலும் நேராகக் கல்லீரலுக்குத்தான் போகிறது. வெறும் வயிற்றில் ஓடித் தலை சுற்றுகிறவர்களுக்குக் கிளம்பும்முன் ஒரு வாழைப்பழம் கைகொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மதுரையிலிருந்தோ திண்டுக்கல்லிலிருந்தோ வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த ஊர் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கீழே ஓடுகிற வேகத்தை முதல் நாளே இங்கே காட்டினால் மூச்சு வாங்கும், அப்புறம் எந்தப் பழமும் உதவாது.

படி 2: கிளம்பும் முன்

ஓட்டத்துக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு ஒன்று அல்லது இரண்டு மலைவாழைப்பழம். சின்னப் பழம்தான், வயிற்றில் கனக்காது. நன்றாகப் பழுத்ததாக எடுங்கள். காய்வெட்டான வாழையில் மாவுச்சத்து இன்னும் சர்க்கரையாக மாறியிருக்காது, செரிக்க நேரமாகும். விருப்பாச்சி, சிறுமலை வகைகளில் பழுக்கப் பழுக்கத் தோல் சுருங்கிக் கறுக்கும். அதைப் பார்த்து அழுகல் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உரித்தால் உள்ளே சதை கெட்டியாகத்தான் இருக்கும், ருசியும் அப்போதுதான் உச்சம். ஓடுவதற்குத் தோதான பழமும் அதுதான்.

இந்த நேரத்தில் ஒதுக்க வேண்டிய பழங்களும் உண்டு. பேரிக்காயிலும் பிளம்ஸிலும் சார்பிட்டால் என்ற ஒரு பொருள் இருக்கிறது. குடல் அதை மெதுவாகத்தான் உறிஞ்சும், மீதி தண்ணீரை இழுத்து வயிற்றை இளக்கும். கொய்யாவில் 100 கிராமுக்கு 5 கிராம் அளவுக்கு நார்ச்சத்து, அதோடு விதை வேறு. பட்டர் ஃப்ரூட்டில் சர்க்கரை மிகக் குறைவு, 100 கிராமில் சுமார் 15 கிராம் கொழுப்பு. எல்லாம் நல்ல பழங்கள்தான், ஆனால் ஓடி முடித்தபிறகு.

படி 3: வழியில்

ஏரியை இரண்டு சுற்று ஓடி, அப்படியே வான் ஆய்வகம் வரை ஏறி இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டிவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும் பயிற்சிக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து (சர்க்கரையும் இதில் சேர்த்தி) என்பது விளையாட்டு ஊட்டச்சத்தில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. தொடக்கக்காரர்களுக்கு 30 போதும். உரித்த வாழைப்பழம் 100 கிராமில் சுமார் 23 கிராம் கிடைக்கும். உங்கள் கடைப் பழத்தை ஒருமுறை உரித்துச் சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள், மணிக்கு எத்தனை என்பது தெரிந்துவிடும். ஒரேயடியாக விழுங்காமல் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சமாகக் கடித்து, இரண்டு மடக்குத் தண்ணீர் குடியுங்கள். குளிரில் தாகம் தெரியாது, தாகம் எடுக்கட்டும் என்று காத்திருந்தால் தலைவலிதான் வரும்.

பழம் ஜெல்லுக்கு ஈடாகுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி. 2012-இல் அமெரிக்காவில் பயிற்சி பெற்ற சைக்கிள் வீரர்களை 75 கி.மீ. ஓட்டிப் பார்த்தார்கள். ஒருமுறை வாழைப்பழம், இன்னொருமுறை அதே அளவு மாவுச்சத்துள்ள விளையாட்டுப் பானம். முடித்த நேரத்திலும் ரத்தச் சர்க்கரையிலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. வாழைப்பழம் சாப்பிட்டபோது வயிறு உப்புசம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆகவே போட்டி நாளில் புதிதாக எதையும் சாப்பிட்டுப் பார்க்காதீர்கள். பயிற்சி நாள்களிலேயே வயிற்றைப் பழக்குங்கள்.

நம் பக்கத்தில் இதெல்லாம் புதிதுமல்ல. விருப்பாச்சி மலைப்பழத்தோடு நாட்டுச்சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை, கற்கண்டு, ஏலக்காய் சேர்ந்த பழனி பஞ்சாமிர்தம் 2019-இல் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. ஜெல் உறைக்குள் இருப்பதும் அடர்ந்த சர்க்கரைதானே. நீண்ட ஏற்றத்துக்குச் சின்ன டப்பாவில் பஞ்சாமிர்தம் எடுத்துப் போகலாம். ஒரு கரண்டிக்கு மேல் போகாதீர்கள், தண்ணீர் இல்லாமல் சாப்பிடாதீர்கள். மிகவும் இனிப்பு, தொண்டையை வறட்டும்.

மென்று விழுங்கப் பிடிக்காதவர்கள் கமலா ஆரஞ்சுப் பானம் கலந்துகொள்ளலாம். பிழிந்து வடிகட்டிய சாறு 250 மி.லி., தண்ணீர் 250 மி.லி., இரண்டு சிட்டிகை உப்பு. அவ்வளவுதான். சாற்றில் 10 சதவீதம் போல இருக்கும் சர்க்கரை தண்ணீர் கலந்ததும் பாதியாகிவிடும். கடையில் விற்கும் விளையாட்டுப் பானங்களிலும் ஏறக்குறைய அந்த அளவுதான். தண்ணீர் கலக்காத சாறு ஓடும்போது வயிற்றில் அப்படியே நிற்கும். உப்பை விட்டுவிடாதீர்கள். வியர்வையில் முக்கியமாகப் போவது சோடியம், பழத்தில் அது அநேகமாக இல்லை.

ஒரு விஷயம், ஓட்டத்தோடு சம்பந்தமில்லாதது போலத் தெரியும். இங்கே பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினால் குரங்குக்குத்தான் சொந்தம். பைக்குள் வையுங்கள். தோலையும் சாலையோரம் வீசாதீர்கள். காட்டுமாடுகள் ஊருக்குள்ளேயே நடமாடுகிற இடம் இது, தோலுக்கு ருசி கண்டுவிட்டால் அவையும் நம் பாதைக்கே வரும்.

படி 4: ஓடி முடித்தபின்

பழத்தை நம்பி ஏமாறும் இடம் இதுதான். உடம்பு தேற மூன்று வேண்டும்: கிளைக்கோஜனை நிரப்ப மாவுச்சத்து, தசையைச் சீராக்கப் புரதம், வியர்வையில் போன தண்ணீரும் உப்பும். பழம் முதலாவதையும் தண்ணீரையும் தரும். புரதம் தராது. ஒரு தட்டுப் பழம் மட்டும் சாப்பிட்டுவிட்டு ஆரோக்கியமாக இருக்கிறேன் என்று சொல்பவர், மறுநாள் படி இறங்கும்போது தொடை வலிக்கிறது என்றும் சொல்வார்.

60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு வேளைக்குச் சுமார் 18 கிராம் புரதம் என்று கணக்கு வைக்கலாம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில், அதாவது 250 மி.லி.யில், சுமார் 8 கிராம். இரண்டு முட்டை, ஒரு டம்ளர் பால், இரண்டு வாழைப்பழம் என்றால் வேலை முடிந்தது. முட்டை வேண்டாம் என்றால் ஒரு பெரிய கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலும் பாலும். சுண்டலோடு கொய்யாவோ ஆரஞ்சோ சேர்த்தால் இன்னொரு லாபம்: அவற்றின் வைட்டமின் சி, கடலையில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும். கொய்யாவில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவிச் சாப்பிடும் நம் வழக்கத்தை இந்த ஒரு வேளைக்கு நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

அன்றே மாலையில் மறுபடி ஓடப் போகிறவர்கள் மட்டும் கொஞ்சம் அவசரப்பட வேண்டும். முதல் சில மணி நேரம், மணிக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராம் மாவுச்சத்து. மற்றவர்கள் நிதானமாகக் குளித்துவிட்டு இட்லி சாப்பிடலாம். நாள் முழுக்கச் சாப்பிடும் சாப்பாட்டிலேயே எல்லாம் நிரம்பிவிடும்.

பட்டர் ஃப்ரூட், பேரிக்காய், பிளம்ஸ் எல்லாவற்றுக்கும் இப்போது தடையில்லை. புளிப்புச் செர்ரிச் சாறு தசை வலியைக் கொஞ்சம் குறைப்பதாகச் சில ஆய்வுகள் சொல்வது உண்மை. அதை வைத்துக்கொண்டு கொடை பிளம்ஸும் வலியைப் போக்கும் என்று யாராவது விற்றால் சிரித்துவிட்டு வாங்குங்கள், ருசிக்காக.

படி 5: வாங்குவதும் வைப்பதும்

பிளம்ஸ் மே, ஜூன் வாக்கில் வரும், அதன்பின் பேரிக்காய். பட்டர் ஃப்ரூட்டும் ஆரஞ்சும் தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற கீழ்மலைத் தோட்டங்களிலிருந்து வருகின்றன. வாழைப்பழம் ஆண்டு முழுக்க உண்டு. வாரத்துக்கு ஒரு சீப்பு வாங்கும்போது பாதி பழுத்தது, பாதி காய்வெட்டு என்று கேட்டு வாங்குங்கள். இந்தக் குளிரில் பழம் மெதுவாகத்தான் பழுக்கும். சனிக்கிழமை நீண்ட ஓட்டம் என்றால் இரண்டு மூன்று நாள் முன்பே காய்வெட்டானவற்றை அரிசி டின்னுக்குள் புதைத்து வையுங்கள். கல் போன்ற பட்டர் ஃப்ரூட்டுக்கும் அதே டின்தான்.